வாழைநார் ஷூ

இவருடைய கால் கட்டைவிரலுக்கு இன்று காலையில்தான் மஞ்சள் பற்றுப் போட்டேன். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டுதான் போட்டேன். பக்கத்தில் நின்ற பொடியன், "அப்பா, அந்த முதலை எங்கப்பா?" என்று கேட்டதும் முடியவில்லை. கிண்ணத்தோடு அடுக்களைக்கு ஓடி வந்துவிட்டேன்.

ஆரம்பித்து வைத்தவர் டாக்டர். சர்க்கரை வாசலில் வந்து நிற்கிறது, தினமும் நாற்பது நிமிடம் நடங்கள் என்றார். நடப்பதற்கு எங்களுக்கு என்ன குறை? தெருமுனையைத் தாண்டினால் தெப்பக்குளம். 1645இல் திருமலை நாயக்கர் வெட்டியது. மகால் கட்ட மண் தோண்டிய பள்ளம் என்பார்கள், மீனாட்சி கோயில் முக்குறுணிப் பிள்ளையார் கிடைத்ததும் அங்கேதான் என்பார்கள். ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேலே வரும். வந்தால்தானே? இவர் முதல் கரை முடிகிற முனை வரைக்கும் விறுவிறுவென்று போவார். அங்கே கோஷ்டி நிற்கும். அப்புறம் அரசியல், பென்ஷன், யார் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பாடு சரியில்லை, கடைசியாக ஆளுக்கொரு டம்ளர் பருத்திப்பால். பிறகு போன வழியே திரும்பி வருவார். பருத்திப்பாலில் இனிப்பு இல்லையா என்றால், "கருப்பட்டி போட்டதாக் கேட்டு வாங்குறேன்ல" என்று பதில். இரண்டு மாத வாக்கிங்கில் மூன்று கிலோ கூடியிருந்தார். போனில் மட்டும் தினமும் எட்டாயிரம் அடி காட்டியது. அந்தப் போனைப் பொடியன் சட்டைப்பையில் போட்டு ஊஞ்சலில் ஆடவிட்ட கதையைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

மாட்டிக்கொண்ட ரோஷத்தில், "ஞாயித்துக்கிழமை மலை ஏறுறோம். எல்லாரும்" என்று அறிவித்துவிட்டார்.

எந்த மலை என்பதில் ராத்திரி பதினொரு மணி வரை பஞ்சாயத்து. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் நடக்கப் போனாலும் ஏதாவது ஒரு மிருகத்தின் முதுகில்தான் ஏறியாக வேண்டும். மதுரையை அழிக்கச் சமணர்கள் ஏவிவிட்ட யானையும் நாகமும் பசுவும் கல்லாகி யானைமலை, நாகமலை, பசுமலை ஆயின என்று புராணம். பசுமலையில் ஏறினால் உச்சியில் ஓட்டல் இருக்கிறது, பில்லைப் பார்த்து நாம் கல்லாகிவிடுவோம். யானைமலை மொட்டைப் பாறை. "ஏறிப்புடலாம், எறக்குறதுக்கு ஆளு வேணும்" என்று மாமா முடித்துவிட்டார். அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு நடக்கலாம் என்றேன். அங்கே வேன் போகிறது, வேனைக் கண்டால் இவர் விடமாட்டார். அதனால் நாகமலைப் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில், கீழக்குயில்குடி சமணர் மலை என்று தீர்ப்பானது. படி வெட்டியிருக்கிறது என்பதுதான் முக்கியக் காரணம்.

"மலைக்குன்னா ஷூ வேணுமே" என்றார் இவர். எல்லாருமாக நிமிர்ந்து பரணைப் பார்த்தோம்.

அந்த ஷூவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2016இல் கொழுந்தன் அமெரிக்காவிலிருந்து மாமாவுக்காக வாங்கி வந்தது. மாமா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "எனக்கு எதுக்குப்பா லாடம்?" என்று மூடி வைத்தார். சித்திரைத் திருவிழாவில் அழகரோடு மூன்றுமாவடியிலிருந்து வண்டியூர் வரைக்கும் வருஷா வருஷம் வெறுங்காலில் நடக்கிறவர். மற்ற நாளைக்கு டயர் செருப்பு. அது தேய்ந்து அவர் பார்த்ததில்லை, தொலைந்துதான் பார்த்திருக்கிறார். ஷூ பரணுக்குப் போனது. பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது கீழே இறங்கும், அத்தை துடைப்பார், மறுபடி ஏறும். "டாலர் குடுத்து வாங்குனது, நல்ல நாளைக்கு ஆகும்." அந்த நல்ல நாள் நேற்று.

ஏழு மணிக்கே மலை அடிவாரத்தில் இருந்தோம். அய்யனார் கோயில், தாமரைக் குளம், பெரிய ஆலமரம். மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை முடித்துவிட்டு, அத்தை மரத்தடியில் பைகளோடு உட்கார்ந்துகொண்டார். மாமா செருப்பைக் கழற்றிக் கோயில் ஓரமாக வைத்துவிட்டு ஏற ஆரம்பித்தார். இவர் ஷூவை ஒருமுறை தரையில் தட்டிப் பார்த்துக்கொண்டு, "கிரிப்பு பிரமாதம்" என்றார். ஆண்டவன் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

பேச்சிப்பள்ளம் வரை ஒன்றும் ஆகவில்லை. அங்கே பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், சமணர்கள் வணங்கும் ஞானிகள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் வெயிலிலும் மழையிலும் அதே முகத்தோடு நிற்கிறார்கள். பெரியவள் கல்லூரியில் வரலாறு படிக்கிறாள் என்பதால் எங்கே போனாலும் எங்களுக்கு வகுப்பு உண்டு. சமணத் துறவி பாகுபலி நின்ற இடத்திலேயே தவம் செய்ததில் காலில் கொடி படர்ந்துவிட்டது என்றாள். தெப்பக்குளத்து முனையில் கோஷ்டியோடு நிற்கிற இன்னொருவர் காலில் இன்னும் ஏன் கொடி படரவில்லை என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். சிலைகளுக்குக் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து. அதில் ஒன்று, அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் செய்வித்தது என்று சொல்கிறதாம். (கீழே வந்து அத்தையிடம் இதைச் சொன்னபோது, "பாத்தியா, பிள்ள சாமியாராப் போனாலும் அம்மாக்காரிதான் கைக்காசப் போட்டிருக்கா" என்றார். இவரை ஒரு பார்வை வேறு.)

வகுப்பு நடக்கும்போதே இவர் பார்சுவநாதர் என்ற தீர்த்தங்கரர் பக்கத்தில் செல்ஃபி எடுக்கக் காலைத் தூக்கி வைத்தார். 'சப்' என்று ஒரு சத்தம். கால் மேலே போனது, சோல் கீழேயே நின்றது. வலது ஷூ முன்பக்கம் வாயைப் பிளந்துகொண்டு, உள்ளே காலுறை நாக்கு மாதிரி தெரிந்தது. "முதலை!" என்று பொடியன் கத்தினான். குனிந்து தொட்டுப் பார்த்தால் சோல் உள்பக்கம் புட்டு மாதிரி உதிர்கிறது. பரணில் வைத்துப் பத்திரப்படுத்தியதிலேயே செத்துப்போயிருக்கிறது.

"கழட்டிப் போட்டுட்டு வாடா, இங்க தவம் பண்ணவனெல்லாம் வெறுங்காலுதான்" என்றார் மாமா. இவரும் கழற்றினார். மார்பிள் தரையிலேயே வீட்டுச் செருப்புப் போட்டு நடக்கிற கால். பாறை சூடேறத் தொடங்கியிருந்தது. நாலு அடியில் நாட்டியம், ஐந்தாவது அடியில் படி விளிம்பில் கட்டைவிரல். அந்தச் சத்தத்துக்குத்தான் கீழே இருந்த அத்தை அய்யனாரைக் கும்பிட்டாராம்.

பெரியவள் ஓடிப்போய்க் கோயில் வாசலில் பூக்கட்டுகிற அம்மாவிடமிருந்து ஒரு கை வாழைநார் வாங்கி வந்தாள். "நனைச்சுக் கட்டச் சொன்னாங்க, இல்லாட்டி அறுந்துருமாம்." தண்ணீர் பாட்டிலைத் திறந்து நாரை நனைத்து, மாமா மண்டி போட்டு உட்கார்ந்து, ஐம்பது வயது மகனின் காலைத் தன் தொடையில் தூக்கி வைத்துக்கொண்டு, குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி முடிச்சுப் போட்டார். இவர் மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றார். அந்த நேரம் மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

சிரிப்பெல்லாம் கீழே வந்த பிறகு. பூக்கார அம்மா நார் கட்டிய ஷூவைப் பார்த்துவிட்டு, "ஏண்ணே, ரெண்டு மல்லிகை சேத்துக் கட்டிவிடவா?" என்று கேட்டார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். இரண்டு முழம் பூ வாங்கி ஈடு செய்தேன். கோஷ்டிக்குச் செய்தி எப்படிப் போனது என்று தெரியவில்லை (பெரியவள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது), ராத்திரிக்குள் இவருக்கு 'நார்ச்சாமி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்றைக்குக் கால்வலி என்று வாக்கிங்குக்கு லீவு. எட்டாயிரம் அடி மட்டும் தவறவில்லை.

ஷூவை நேற்றே குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் இல்லை. மாமாவும் இல்லை. பதினொரு மணிக்கு மஞ்சள் பையோடு வந்தார். பழைய சோலைப் பிய்த்துப்போட்டுவிட்டு, டயர் வைத்து, சுற்றிலும் நைலான் நூலில் தைத்து வாங்கியிருக்கிறார். நூற்றைம்பது கேட்டதை நூற்றிருபதுக்கு முடித்தாராம். அத்தை வாயில் கையை வைத்துக்கொண்டு, "டாலர் ஷூவுக்கு டயரா!" என்றார். மாமா காதில் வாங்கவில்லை.

சாயங்காலம் மாடியில் துணி எடுக்கப் போனபோது பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலில் அந்த ஷூவோடு தெப்பக்குளத்துப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார். விளக்கு வைத்த பிறகுதான் வந்தார். வாசற்படியில் உட்கார்ந்து கழற்றி, தோள் துண்டால் ஒரு தட்டு தட்டி, பழைய டயர் செருப்புக்குப் பக்கத்தில் ஜோடியாக வைத்தார்.

"ஏம்மா, இப்ப அங்க மணி என்ன இருக்கும்?"

"விடியிற நேரம் மாமா."

"அப்பச் சரி, எந்திரிக்கட்டும். பெறகு சின்னவனுக்கு ஒரு போன் போட்டுக் குடு. ஷூ நல்லா இருக்குன்னு சொல்லணும்."