அடியில் ஒரு முத்திரை

சியாட்டிலுக்கு வடக்கே, டுலேலிப் பழங்குடியினர் நிலத்தில் நண்பன் சிகரெட் வாங்கினான். (நான் விட்டாச்சு, நம்புங்க.) "வரி கிடையாது, மலிவாக இருக்கும்னு நினைச்சேனே" என்று முகம் தொங்கிப்போனது. பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினேன், அடியில் வரி கட்டியதற்கான முத்திரை.

பழங்குடி நிலத்தில் விற்றாலும், வெளியாள் வாங்கினால் மாநிலம் வரி கேட்கலாம் என்று 1980இல் கோல்வில் பழங்குடியினரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வசூலிப்பதுதான் பெரும்பாடு. அப்புறம் 2001இல் வாஷிங்டன் மாநிலம் பழங்குடி அரசுகளோடு ஒப்பந்தம் செய்துகொள்ளச் சட்டம் போட்டது. மாநில வரிக்கு ஈடாகப் பழங்குடி அரசே வரி போடும். மாநிலம் தன் வரியை விட்டுவிடும். பணம் அவர்களுடைய அரசுச் சேவைகளுக்கு. புயாலப் என்ற இன்னொரு பழங்குடியினரின் ஒப்பந்தம் வேறு ரகம்: வசூலாகும் வரியில் 30 சதவீதம் மாநிலத்துக்குப் போகும்.

நண்பன் அதற்குள் இரண்டாவதைப் பற்றவைத்திருந்தான்.