புவெப்லா வீட்டு மத்தியான சாப்பாடு

மெக்சிகோவுல படிச்சேன்னு சொன்னாலே எல்லாரும் டாகோ பத்திதான் கேக்குறாங்க. சாப்பிட்டேன்பா, ராத்திரி தெருவோரமா நின்னு சட்டையில சல்சா ஒழுக ஒழுக சாப்பிட்டிருக்கேன், அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா இப்ப பசிக்கும்போது மனசு போறது அங்க இல்ல. புவெப்லாவுல நான் வாடகைக்கு இருந்த ரூம், அந்த வீட்டு சென்யோரா, அதாவது வீட்டுக்காரம்மா, மத்தியானத்துல போடுற சாப்பாடு, அதுக்குத்தான் போகுது.

முதல்ல நேரத்தை சொல்லிடறேன். அங்க பெரிய சாப்பாடு மத்தியானம்தான், அதுக்கு பேரு கொமீதா, ரெண்டு மணியிலேர்ந்து நாலு மணிக்குள்ள எப்ப வேணா நடக்கும். ராத்திரி ஏதோ ஒரு ரொட்டி, காபி, முடிஞ்சுது. பன்னெண்டரைக்கே வயிறு கூவுற ஆளுக்கு இது கொஞ்ச நாள் கொடுமைதான், அப்புறம் பழகிடும், ஏன்னா காத்திருந்ததுக்கு வரிசையா வரும்: முதல்ல ஒரு சூப்பு, அப்புறம் தக்காளி அரைச்சு ஊத்தின சிவப்பு சோறு, அப்புறம் குழம்போ கறியோ ஏதோ ஒண்ணு, கூட பீன்ஸ், துணியில சுத்தின சூடான டோர்டீயாங்கிற மக்காச்சோள மாவு ரொட்டி, ஒரு பெரிய ஜக்குல ஹமைகா தண்ணி. ஹமைகான்னா நம்ம புளிச்சக்கீரையோட சொந்தக்கார செடி, அதோட பூவுக்கு அடியில இருக்கிற சிவப்பு புல்லியிதழை காயவச்சு, அதை கொதிக்கவச்சு வடிகட்டி சர்க்கரை போட்டு ஆறவைக்கிறது. பாட்டில் கூல்டிரிங்க்ஸ் பக்கம் அப்புறம் நான் திரும்பவே இல்ல.

இதுல எனக்கு நம்பர் ஒன் சோப்பா தே ஃபிதேயோ. சேமியா சூப்பு, அவ்ளோதான். காய்ச்சல்ல படுத்திருக்கிற பிள்ளைக்கும் குடுப்பாங்க, மாசக்கடைசியில காசு இல்லாதப்பவும் செய்வாங்க, விருந்தாளி வந்தா யாரும் செஞ்சு காட்டி பெருமைப்பட மாட்டாங்க. சென்யோரா செய்றதை பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். எண்ணெய்ல சேமியாவை போட்டு கையெடுக்காம கிண்டணும், பொன்னிறம் தாண்டி லேசா பழுப்பு வர்ற வரைக்கும், ஏன்னா அந்த வறுவல்லதான் ருசியே இருக்கு, ஒரு நிமிஷம் போனை எடுத்து பாத்தா கருகிடும். தக்காளி, வெங்காயம், பூண்டு மூணையும் பச்சையாவே மிக்சியில அடிச்சு அதுமேல ஊத்துவாங்க, சொய்ங்னு ஒரு சத்தம், வெளிர் ரோஸா இருந்த தக்காளி கொஞ்ச நேரத்துல ஆரஞ்சு கலந்த சிவப்பா மாறும், அப்பதான் சிக்கன் வேகவச்ச தண்ணி. தட்டுல ஊத்தினப்புறம் எலுமிச்சை பிழிஞ்சு, க்ரேமான்னு லேசா புளிச்ச க்ரீம் ஒரு ஸ்பூன். அந்த வீட்டு பையன் இதுல வாழைப்பழத்தை வட்டம் வட்டமா நறுக்கி போட்டுப்பான். பாத்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆச்சு. அது அவனோட கிறுக்குன்னு நெனச்சா, வகுப்புல கேட்டப்ப பாதிப்பேர் நாங்களும் போடுவோமேங்குறாங்க, சிவப்பு சோத்துலயும் போடுவாங்களாம். போட்டு பாத்தேன். புளிப்பு, உப்பு, நடுவுல ஒரு இனிப்பு, இப்ப நானும் அந்த கட்சி.

டோர்டீயா வீட்டுல செய்யல, பெரும்பாலான நகரத்து வீடுகள்ல தினமும் செய்யறதில்ல. தெருமுனையில டோர்டீயெரியா இருக்கும், மெஷின்லேர்ந்து ஒண்ணொண்ணா விழுந்துக்கிட்டே இருக்கும், துணியோட போய் கிலோ கணக்குல வாங்கிட்டு வரணும். அந்த வேலையை நான் சண்டை போட்டு வாங்கிக்கிட்டேன், காரணம் என்னன்னா கவுண்டர்ல ஒரு உப்பு டப்பா இருக்கும், சூடா விழுந்த ஒண்ணை எடுத்து உப்பு தூவி சுருட்டி வாயில போட்டுக்கிட்டே வீட்டுக்கு நடக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

அந்த மாவு விஷயம் எனக்கு பெரிய ஆச்சரியம். மக்காச்சோளத்தை நேரா அரைக்கறதில்ல. சுண்ணாம்பு கலந்த தண்ணியில வேகவச்சு, ராத்திரி முழுக்க அதுலயே ஊறவிட்டு, மறுநாள் கழுவினா தோல் வழுக்கிட்டு வந்துடும், அதை அரைச்சாதான் மாசா. நிஷ்தமால்னு சொல்வாங்க, ஐரோப்பாக்காரங்க வர்றதுக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னாடியே அங்க இருந்த முறை. சுண்ணாம்பு சேர்றதால கால்சியம் கூடுது, சோளத்துக்குள்ள பூட்டியிருக்கிற நியாசின் வைட்டமினும் உடம்புல ஒட்டுற மாதிரி வெளிய வருது. ஸ்பெயின், இத்தாலிக்காரங்க சோளத்தை மட்டும் கொண்டுபோனாங்க, இந்த முறையை விட்டுட்டு போனாங்க, 18ஆம் நூற்றாண்டுல ஐரோப்பாவுல சோளமே கதின்னு வாழ்ந்த ஏழைங்களுக்கு அந்த நியாசின் கிடைக்காம பெல்லாக்ரா நோய் வந்து தோல் உரிஞ்சு செத்தாங்க. 2010ல யுனெஸ்கோ மெக்சிகோ பாரம்பரிய சமையலை பட்டியல்ல சேர்த்தப்ப இந்த சோள விஷயத்தையும் முக்கியமா சொல்லித்தான் சேர்த்துச்சு.

மிச்சமான டோர்டீயாவை தூக்கிப்போட மாட்டாங்க. காய்ஞ்சு விறைச்சு போனதை முக்கோணமா வெட்டி பொரிச்சு, காலையில சிலாகீலெஸ். பச்சை சல்சாதான் எனக்கு, சிவப்பு வேண்டாம்னு எத்தனை தடவை வேணா சண்டை போடுவேன். தோல் மூடின ஒரு பச்சைக்காய், தொமாத்தே வெர்தே, அதையும் செர்ரானோ மிளகாயையும் வேகவச்சு கொத்தமல்லியோட அரைச்சு, சூடா கொதிக்கறப்ப பொரிச்சதை போட்டு பெரட்டி உடனே தட்டுக்கு வரணும். பாதி மொறுமொறு, பாதி ஊறினது, அந்த நிலை அஞ்சு நிமிஷம்தான் இருக்கும். பாத்ரூமுக்கு போயிட்டு வரேன்னு எழுந்து போனா போச்சு.

நொபாலை கடைசி வரைக்கும் முழுசா ஒத்துக்கல. கள்ளிச்செடி மடல், முள்ளை கத்தியால சீவி எடுத்துட்டு நறுக்கி வேகவைப்பாங்க, வெண்டைக்காய் வழவழப்புக்கு அண்ணன் அது. முட்டையோட வதக்கினா சாப்பிடுவேன், சாலட்டா குடுத்தா நைசா பக்கத்து தட்டுக்கு தள்ளிடுவேன், சென்யோரா பாத்துட்டு "மிஹா (மகளே), எங்க நாட்டுக் கொடியில இருக்கிறதும்மா அது"ன்னு சொல்லி திருப்பி வைப்பாங்க. மெக்சிகோ கொடியில கழுகு உக்காந்திருக்கிறது நொபால் மேலதான், சரி, அதுக்காக நான் என்ன பண்ண.

புவெப்லான்னா மோலேங்கிற மிளகாய் குழம்பு பத்தி எழுதாம விட்டா ஊர்க்காரங்க அடிப்பாங்க. சாந்தா ரோசா மடத்து கன்யாஸ்திரிங்க கண்டுபிடிச்சதா ஒரு கதை சொல்வாங்க, அந்த ஓடு பதிச்ச சமையலறையை இப்பவும் போய் பாக்கலாம், அழகா இருக்கு, கதைய நம்புறது உங்க இஷ்டம். ஆஞ்சோ, முலாத்தோ, பசீயான்னு வகைவகையா காய்ஞ்ச மிளகாய், எள்ளு, பாதாம், திராட்சை, பட்டை, கிராம்பு, கடைசியில கொஞ்சூண்டு சாக்லேட். எங்க வீட்டுல அடியிலேர்ந்து அரைச்சு செஞ்சது விசேஷத்துக்குத்தான், மத்த நாள்ல மார்க்கெட்ல விழுதா வாங்கி சிக்கன் தண்ணியில கரைச்சு விட்டுடுவாங்க, அதுக்கு யாரும் வெக்கப்படல. ஆகஸ்ட், செப்டம்பர்ல சீலே என் நொகாதா சீசன், உள்ள கறி அடைச்ச பெரிய பச்சை மிளகாய், மேல வால்நட் சாஸும் மாதுளை முத்துமா கொடி நிறத்துல மேஜைக்கு வரும். பாக்க பிரமாதம். என்கிட்ட கேட்டா அந்த காசுக்கு பத்து நாள் ஃபிதேயோ சூப்பு குடிச்சுடலாம்.

தமால், அதாவது மாசாவை சோளத்தோல்லயோ இலையிலயோ சுத்தி ஆவியில வேகவைக்கிறது, அதைப் பத்தி மட்டும் ஒரு வரி. ஜனவரி 6ல ரோஸ்கான்னு வளையமா ஒரு ரொட்டி வெட்டுவாங்க, யாரோட துண்டுல குட்டி பொம்மை வருதோ அவங்க பிப்ரவரி 2ஆம் தேதி எல்லாருக்கும் தமால் போடணும். வெட்டும்போது ஒவ்வொருத்தரும் கத்தியை எந்த பக்கம் வைக்கலாம்னு படுற பாடு இருக்கே, பரிட்சை ஹால்ல கூட அவ்ளோ டென்ஷன் பாத்ததில்ல. பொம்மையை சத்தமில்லாம முழுங்கினவங்க கதையெல்லாம் சொல்வாங்க.

அங்க படிக்கப்போறவங்க யாராவது இதை படிச்சா, தனி அபார்ட்மென்ட் தேடாதீங்க, கொமீதாவோட சேத்து ரூம் குடுக்கிற வீடா பாருங்க. சைவம்னா முன்னாடியே தெளிவா பேசிக்கோங்க, பீன்ஸை பன்னிக்கொழுப்புல தாளிப்பாங்க, சோறு சிக்கன் தண்ணியில வெந்திருக்கும், பாத்தா ரெண்டுமே சுத்த சைவம் மாதிரிதான் தெரியும். "கறி போடாதீங்க"ன்னு மட்டும் சொன்னா பத்தாது, "யேவா மந்தேகா?"ன்னு கேளுங்க, கொழுப்பு சேத்திருக்கான்னு அர்த்தம். என் ஃப்ரெண்ட் ஒருத்தி கேட்ட நாள்லேர்ந்து அந்த வீட்டுல அவளுக்குன்னு ஒரு குட்டி சட்டியில எண்ணெய் ஊத்தி தனியா பீன்ஸ் வெந்துது, அதுல நாங்க எல்லாரும் போய் கைவைப்போம், அவளுக்கு மிஞ்சறது கம்மிதான்.