ஆக்சல் காத்திருந்த மூன்று வருடம்

மார்ச் 4

அம்மாவுக்கு முதல் யூனிட் ரத்தம் ஏறுகிறது. தூக்கம் வரவில்லை. போனில் 'வான் ஹெல்சிங்' என்ற இங்கிலீஷ் சீரியல் ஆரம்பித்தேன்.

மார்ச் 5

யெல்லோஸ்டோன் எரிமலை வெடித்து, சாம்பல் வெயிலை மறைத்து, ரத்தக் காட்டேரிகள் ஊரைப் பிடித்துவிட்ட உலகம். சியாட்டிலில் ஒரு ஆஸ்பத்திரி. நாடித்துடிப்பே இல்லாமல் வனெசா என்ற பெண் கிடக்கிறாள். ஆக்சல் என்கிற மரைன் சிப்பாய் அவளுக்குக் காவல். மூன்று வருடமாக! கூட இருந்த டாக்டரம்மா காட்டேரியாகிவிட்டாள். கொல்ல மனசு வராமல் அவளைப் பூட்டிவைத்து, தன் ரத்தத்தையே எடுத்துக் கொடுக்கிறான். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு அம்மாவின் பையைப் பார்த்தேன். பாதி இருந்தது.

மார்ச் 7

பி நெகட்டிவ் கிடைக்கவில்லை.

மார்ச் 8

சித்தப்பா மகன் ராத்திரி ரயிலேறி வந்து கொடுத்தான். முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே, "பெரியம்மாவப் பாத்துக்கோக்கா" என்றான். காபிகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

மார்ச் 12

ஹீமோகுளோபின் 7.8. அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டாள்!

2016 செப்டம்பரில் அமெரிக்காவின் சைஃபை சேனலில் 'வான் ஹெல்சிங்' வந்தபோது, 'தி வாக்கிங் டெட்' கதையில் ஜோம்பிக்குப் பதில் காட்டேரியைப் போட்டுவிட்டார்கள் என்று பேசினார்கள். எனக்கு ஆறவே இல்லை. ஜோம்பி ஆனவன் ஆனவன்தான். வனெசாவின் ரத்தத்துக்கோ காட்டேரியைத் திரும்ப மனுஷனாக்கும் சக்தி இருக்கிறது. மனுஷனான பிறகு, தான் செய்ததெல்லாம் அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. காட்டேரிக் கூட்டத்தையே நடத்திய ஜூலியஸ் அப்படித் திரும்பி வந்து தவிக்கிறானே, அந்தத் தவிப்பை எந்த ஜோம்பி கதையில் பார்க்க முடியும்? குறை இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். கையில் காசு குறைவு என்பது தெரிகிறது. இருட்டுத் தாழ்வாரம், காடு, மறுபடி தாழ்வாரம். ஆனாலும் 5 சீசன், 65 எபிசோடு, 2021 ஜூன் வரை ஓடியது. யாரோ விடாமல் பார்த்திருக்கிறார்கள். என்னைப் போல ராத்திரி முழித்திருந்தவர்களாக இருக்கும்.

மார்ச் 13

ஆக்சல் தன் கையிலிருந்து எத்தனை தடவை ரத்தம் எடுத்திருப்பான்?

மார்ச் 17

நாலாவது சீசன். வனெசாவை அதிகம் காணோம். ஜாக், வயலட் என்று இரண்டு பெண்கள் வந்து கதையைத் தூக்கிக்கொண்டார்கள். நல்ல பெண்கள்தான், நன்றாகத்தான் நடிக்கிறார்கள். எனக்கு அவள் வேண்டும். போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு அழுதேன்.

மார்ச் 18

6.4. ஏன் இறங்குகிறது என்று யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

மார்ச் 21

கடைசி நாலு எபிசோடு மிச்சம். பார்க்க மனசு வரவில்லை. மறுபடி முதல் சீசனுக்கே போனேன். சத்தம் கேட்டு அம்மா கண் திறந்தாள்.

"யாருடி அது, உள்ள பூட்டி வச்சிருக்காங்க?"

"டாக்டரும்மா. சரியாயிடுவா."

"அவன் யாரு?"

"கூட இருக்கிறவன்."

கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் கையை இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

மார்ச் 22

5.9. இன்னும் இரண்டு யூனிட் கேட்கிறார்கள். தம்பி மறுபடி ரயிலேறிவிட்டானாம்.