பதின்மூன்று எட்டு

நீடாமங்கலத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கம்பி சுற்றும்போது யார் பேச்சுக் கொடுத்தாலும் என்னிடமிருந்து பதில் வராது. எண்ணிக்கை விட்டுப்போனால் அத்தனையும் பிரிக்கணும். எண்ணுகிற இந்தப் புத்தி தொழிலில் வந்ததில்லை, பள்ளிக்கூடத்தில் தடை தாண்டி ஓடிய காலத்தில் வந்தது.

எங்கள் பி.டி. சாருக்கு எட்வின் மோசஸ் என்றால் உயிர். தடை ஓட்டக்காரர், அமெரிக்காக்காரர், ஒஹாயோவில் டேட்டன் ஊர். அட்லாண்டாவில் மோர்ஹவுஸ் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். அந்தக் கல்லூரிக்குச் சொந்தமாக ஓடுதளமே கிடையாது. "நமக்குந்தான் கிடையாது, அப்புறம் என்னடா?" என்பார் சார். எங்கள் மைதானம் கோடையில் நெருஞ்சி முள், ஐப்பசியில் கணுக்கால் தண்ணி. அடைமழைக் காலத்தில் பயிற்சி கோரையாற்றங்கரைக்குப் போய்விடும். மூன்றடி உயரத்துக்கு மூங்கில் கழி நட்டு, குறுக்கே ஒரு பிளாச்சைச் சும்மா வைத்திருப்போம். கால் பட்டால் அதுபாட்டுக்கு விழும்.

400 மீட்டரில் 10 தடை. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே 35 மீட்டர். பார்க்கிறவர்கள் கண்ணுக்குத் தாண்டுவதுதான் தெரியும், ஓடுகிறவனுக்கோ அந்த 35 மீட்டர்தான் பாடு. நான் 15 எட்டு வைப்பேன் (எட்டு என்றால் நம்பர் இல்லைங்க, காலெட்டு). ஒற்றைப்படையாக இருக்கும்வரை ஒவ்வொரு தடையிலும் அதே கால் முன்னால் போகும். களைத்து 16 ஆச்சோ, மறுகால் வந்து நிற்கும். மோசஸுக்குக் கடைசித் தடைவரை 13தான். அவர் காலத்து ஓட்டக்காரர்கள் பலர் முதல் பாதியில் 13 வைத்தாலும் பின்னால் 14, 15 என்று போய்விடுவார்கள். அவர் வீசுவது இடது கால். வளைவில் உள்கோட்டை ஒட்டி ஓட அதுதான் தோது.

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் உலக சாதனையோடு தங்கம். அதுதான் அவருக்கு முதல் சர்வதேசப் போட்டி. 1980இல் அமெரிக்கா மாஸ்கோவுக்குப் போகவில்லை. 1983இல் தன் 28ஆவது பிறந்தநாளன்று கோப்ளென்ஸில் ஓடிய 47.02 விநாடி 1992 வரை நின்றது. நடுவே 1984இல் மறுபடி தங்கம். எனக்கு இதையெல்லாம்விட 1987தான் பெரிசு.

1977 ஆகஸ்டில் பெர்லினில் ஹரால்ட் ஷ்மிட்டிடம் தோற்றார் மோசஸ். அதற்கப்புறம் 122 ஓட்டம், தோல்வியே இல்லை. 1987 ஜூனில் மாட்ரிட்டில் டேனி ஹாரிஸ் அதை முடித்துவைத்தார். சார் பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அன்றைக்கு விசிலே ஊதவில்லை. செப்டம்பரில் ரோமில் உலகப் போட்டி. மோசஸ் 47.46. ஹாரிஸ் 47.48. ஷ்மிட்டும் 47.48! பத்து வருஷத்துக்கு முந்தி ஜெயித்தவரும், மூணு மாசத்துக்கு முந்தி ஜெயித்தவரும், ஒரே ஓட்டத்தில், ஒரே நேரத்தில், அவருக்குப் பின்னால். பேப்பர் வந்த அன்று எங்கள் பத்துப் பேருக்கும் டீக்கடையில் வடை சாரோட செலவு.

அந்த வருஷம் மாவட்டப் போட்டி தஞ்சாவூரில். ஆறாவது தடைவரை 15 சரியாக வந்தது. ஏழாவதுக்கு மூச்சு வாங்கியது, 16 ஆகிவிட்டது. பழகாத வலது காலைத் தூக்கினேன். அங்கே இருந்தது பிளாச்சு இல்லையே, பலகை. இரண்டு முழங்காலும் சிராய்த்து, எழுந்து ஓடி, கடைசியாக வந்தேன்.

சார் காயத்தைப் பார்க்கவில்லை. "எத்தனை வச்சே?"

"பதினாறு சார்."

"ம். தெரிஞ்சுதான் விழுந்திருக்கே," என்று சொல்லிவிட்டுத்தான் டிஞ்சர் வாங்க ஆள் அனுப்பினார்.

இப்போதும் வயலுக்குப் போனால் வாய்க்காலை இடது காலால்தான் தாண்டுகிறேன். வரப்பில் எட்டு சரியாக வரவில்லையென்றால் தத்தித் தத்தி ஒன்று கூட வைத்துக்கொள்வேன். போன வாரம் பின்னால் வந்த மகன் கேட்டான்: "ஏம்பா, கால்ல முள்ளு ஏதும் குத்திடுச்சா?"