மலைச்சரிவில் லைட் ஸ்டாண்ட்: எடையை மட்டும் பார்க்காதீர்கள்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் படமெடுக்க லைட் ஸ்டாண்ட் (ஃபிளாஷைத் தாங்கும் முக்கால் கம்பம்) தேடுபவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கிராம்?" என்றுதான். தோளில் சுமக்க லேசாக இருப்பது காற்றுக்கும் லேசுதான். அதனால், தேவைப்படும்போது பாரம் ஏற்ற வசதியான ஸ்டாண்டாகப் பார்த்து வாங்க வேண்டும்.

கால்கள் மேல்நோக்கி மடங்கி நடுக்குழாயோடு ஒட்டிக்கொள்ளும் வகையே மலைக்கு ஏற்றது. மடக்கினால் அரை மீட்டர் அளவுக்குள் அடங்கும், எடை ஒரு கிலோவை ஒட்டியிருக்கும். முதுகுப்பையின் பக்கவாட்டில் செருகிக்கொண்டு பஸ் ஏறலாம். ஆனால் இவ்வளவு சிறிதாக மடங்க ஐந்து அடுக்குக் குழாய் வேண்டியிருக்கிறது, மேல் குழாய் விரல் தடிமன்தான். ஆகவே தடித்த குழாய்களை முதலில் நீட்டுங்கள். மெல்லியதைக் கடைசிவரை தொடாதீர்கள். கார்பன் ஃபைபரில் சில நூறு கிராம் மிச்சமாகும், விலையோ அதிகம். நாள் முழுக்க நடப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அலுமினியமே போதும்.

இனி காற்று. ஃபிளாஷ் ஒளியை மென்மையாக்க மாட்டும் ஒரு மீட்டர் விட்டக் குடையை மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று ஏறக்குறைய ஒன்றரை கிலோ பாரத்துக்குச் சமமாகத் தள்ளும். குடை 2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கால் ஒவ்வொன்றும் நடுக்குழாயிலிருந்து 45 செ.மீ. எட்டுகிறது என்று வையுங்கள். இரண்டு கால்களுக்கு நடுவே சாயும்போது பிடிமானம், அதாவது நடுக்குழாயிலிருந்து அந்த இரு கால்முனைகளை இணைக்கும் கோடு வரையுள்ள தூரம், 22 செ.மீ. மட்டுமே. விழாமல் நிற்க மொத்தம் 13 கிலோவுக்கு மேல் வேண்டும். அதே ஸ்டாண்டில் ஒரு காலைக் காற்று போகும் திசைக்கு நேராகத் திருப்பினால் 7 கிலோ போதும். உயரத்தையும் 1.2 மீட்டராகக் குறைத்தால் 4 கிலோ. ஸ்டாண்ட், ஃபிளாஷ், குடை சேர்ந்தே 2 கிலோ வரும், மீதி 2 கிலோவுக்குக் கல் போதும். திடீர் வீச்சுக்காக இந்த மொத்த எடையை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். தொட்டபெட்டா உச்சி (2637 மீட்டர்) மாதிரி திறந்த இடத்தில் குடையே வேண்டாம், வெறும் ஃபிளாஷ் போதும்.

பாரத்துக்கு ஒரு காலித் துணிப்பையை மடித்து எடுத்துப் போங்கள், கல் அங்கேயே கிடைக்கும். (தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிடும் பழக்கம் இங்கே உதவாது. நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது.) பை அந்தரத்தில் தொங்கினால் ஊசலாடி ஸ்டாண்டையும் சேர்த்து ஆட்டும். அதன் அடி தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும்.

சரிவில் மூன்று கால்களும் ஒரே நீளமாக இருந்தால் நடுக்குழாய் பள்ளத்துப் பக்கம் சாயும். ஒரு கால் மட்டும் தனியாக நீளும் ஸ்டாண்ட் கிடைத்தால் கூடுதல் எடையைப் பொருட்படுத்தாமல் அதையே எடுங்கள். இல்லாவிட்டால் பள்ளத்துக் காலுக்கு அடியில் தட்டைக்கல் வைக்கலாம். தேயிலை வரிசைகளுக்கு இடையே காலை விரிக்க இடமே இருக்காது. அங்கே ஃபிளாஷை மோனோபாடில் (ஒற்றைக்கால் கம்பில்) மாட்டி உதவியாளர் கையில் கொடுப்பதுதான் சரி.

கடையில் பார்க்க வேண்டியது குழாயை இறுக்கும் பூட்டுதான். குழாயை நீட்டி, திருகை இரண்டு விரலால் மட்டும் இறுக்கி, மேலிருந்து அழுத்துங்கள். சறுக்கினால் வேண்டாம். பிறகு பிளாஸ்டிக் வளையத்தில் திருகு நுழையும் பிளவைப் பாருங்கள், அதிகமாக இறுக்கும்போது விரிசல் விடுவது அங்கேதான். மறுபக்கம் நட்டு உட்காரும் அறுகோணக் குழி தேய்ந்திருந்தால் நட்டும் கூடவே சுற்றும், எவ்வளவு திருகினாலும் இறுகாது. மேல்முனையில் ஃபிளாஷ் மாட்டும் 16 மி.மீ. முளையையும் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். அது சுழன்றால் காற்றில் ஃபிளாஷ் முகம் திருப்பிக்கொள்ளும்.

பனிமூட்டத்தில் நனைந்த ஸ்டாண்டை அப்படியே பையில் போட்டால் அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூக்கும், திருகு துருப்பிடிக்கும். எல்லா அடுக்கையும் நீட்டித் துடைத்து, இரவு முழுக்க விரித்தே வையுங்கள். குழாயில் எண்ணெய் மட்டும் போடாதீர்கள், பூட்டு வழுக்கும். இந்தச் சிறிய வகைகளில் பெரும்பாலும் குழாயை மெல்ல இறங்கவைக்கும் காற்றுத் தாங்கி கிடையாது. திருகைத் தளர்த்துமுன் மேல் குழாயை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஃபிளாஷ் சடாரென்று இறங்கி விரலை நசுக்கிவிடும்.