பன்னிரண்டு பேர், ஒரு மடையான்

பறவை பார்க்கக் கூட்டிப் போகிறவருக்குப் பெயர்கள் மனப்பாடமாக இருப்பது பெரிய விஷயமில்லை. மடையான் என்ற ஒரே குளக்கொக்கைப் பன்னிரண்டு பேருக்கும் காட்டி முடிப்பதுதான் வேலை. விடிகாலையில் கொழும்புக்குப் பக்கத்துத் தலங்கமக் குளக்கரையில் கேட்கிற சத்தத்தில் பாதி பறவைகளுடையது. மீதி, "எங்க? எங்க?"

சித்திரை வருடப்பிறப்பு முடிந்து, மே கடைசியில் தென்மேல் பருவமழை பிடிக்கும் வரையான நாட்கள் இதற்குத் தோதானவை. "வெளிநாட்டுப் பறவை எல்லாம் போயிட்டுதே, இனி என்னத்தைப் பாக்கிறது?" என்று யாராவது கேட்பார்கள். போனால் போகட்டும். டிசம்பரில் மங்கல் நிறத்தில் நிற்கும் உள்ளான்களைப் பிரித்தறிவது பழகியவர்களுக்கே கரைச்சல். இப்போது நிற்பவை ஊர்ப் பறவைகள், அதுவும் கலியாண உடுப்பில்: மடையானின் முதுகு அரக்குச் சிவப்பு, உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் செம்மஞ்சள், நீளவால் இலைக்கோழிக்கு உண்மையிலேயே நீண்ட வால். புதிதாக வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல காலம் இல்லை.

சூரியன் 6 மணியளவில் எழும். அதற்குள் கரையில் நிற்க வேண்டும். எட்டரைக்குப் பிறகு பறவையும் ஒதுங்கும், ஆட்களும் நிழல் தேடுவார்கள். வெள்ளவத்தையில் இருந்து ஏசி போட்ட காரில் வருகிறவர்கள் இறங்கியதும் சொல்வது, "பைனாகுலர் பழுதாப் போச்சு." பழுதில்லை. குளிர்ந்த கண்ணாடியில் கொழும்பின் ஈரக்காற்று பட்டுப் படிந்த பனி அது. சேலைத் தலைப்பால் துடைத்தால் கீறல்தான் மிச்சம். வருகிற வழியிலேயே ஏசியை நிறுத்திவிட்டால் இந்தப் பத்து நிமிடம் வீணாகாது. நுளம்புக்குப் பூசுகிறவர்கள் உள்ளங்கையைத் துடைத்த பிறகே பைனாகுலரைத் தொடவும். டீட் கலந்த களிம்பு பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கரைக்கும்.

குழுவுக்கு 8×42 போதும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீற்றர். 10 மடங்கு வாங்கியவர் பெருமையாகத்தான் வருவார், ஆனால் கை நடுக்கமும் பத்து மடங்காகும். முதலில் இரண்டு குழலையும் மடக்கி, தெரிகிற இரண்டு வட்டமும் ஒன்றாகும் வரை சரிசெய்யுங்கள். அடுத்து வலக்கண்ணை மூடி, தூரத்துப் பெயர்ப்பலகையை நடுச் சில்லால் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலக் கண்வில்லையின் வளையத்தை மட்டும் திருப்புங்கள். கண்ணாடி போட்டவர்கள் ரப்பர் குவளையை உள்ளே இறக்கிவிட வேண்டும். இதெல்லாம் ஒருவருடைய கண்ணுக்கான கணக்கு. அதனால்தான் கணவனும் மனைவியும் ஒன்றைப் பகிர்ந்துகொண்டால், "இஞ்ச தாங்கோ" என்று வாங்கி, திருப்பி, சரிப்படுத்தி முடிக்கையில் மீன்கொத்தி மீனைத் தின்றுவிட்டே போய்விடும்.

காட்டும் விதத்துக்கு வருவோம். "அந்த மரத்தில" என்பது வழிகாட்டல் அல்ல. குளத்தைச் சுற்றி எல்லாமே மரம். கையை நேராக நீட்டி முட்டி பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. 8×42 காட்டும் வட்டமோ அதிலும் சற்றுக் குறைவு. ஆகவே எல்லோருக்கும் தெரிகிற ஒன்றில் தொடங்குங்கள்: "காய்ஞ்ச மரம் தெரியுதா? அதில இருந்து வலப்பக்கம் ரெண்டு முட்டி, தண்ணி விளிம்பில." மணிக்கூட்டு முறையில் "மூன்று மணியில்" என்று சொல்வதும் உண்டு. ஆனால் ஆளுக்கொரு திசை பார்த்து நிற்கும்போது ஆளுக்கொரு மூன்று மணி. கேட்பவர்கள் பறவையில் இருந்து கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்கு உயர்த்த வேண்டும். குனிந்து சில்லைத் தேடினால் திரும்பவும் "எங்க?"

இவ்வளவு பாடுபட்டுப் பதினொரு பேர் மடையானைக் கண்டிருப்பார்கள். கரையோரச் சேற்றில் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். பன்னிரண்டாமவர் ஓரடி முன்னே வைப்பார். அவ்வளவுதான், மண்ணிறமாய் இருந்தது வெள்ளைவெளேர் என்ற சிறகை விரித்துப் பறக்கும். அவர் மகிழ்ச்சியோடு, "ஓ, அந்த வெள்ளைக் கொக்கா?" என்பார். விளக்க வேண்டாம். அடுத்த மடையான் இருபது யார் தள்ளி நிற்கும்.

இலைக்கோழியைக் காட்டும்போது இன்னொரு எச்சரிக்கை. முட்டையிட்டதும் பெண் அடுத்த மாப்பிள்ளையைப் பார்க்கப் போய்விடும். நாலு முட்டையில் குந்தி அடைகாப்பதும் குஞ்சு மேய்ப்பதும் ஆண். இதைச் சொன்னதும் அன்ட்டிமார் எல்லோரும் தங்கள் தங்கள் அங்கிளைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த இரண்டு நிமிடம் எந்தப் பறவை வந்தாலும் யாரும் பார்க்கப் போவதில்லை. குரலைப் போனில் ஒலிக்கவிட்டுக் கூப்பிடுகிற வேலை மட்டும் கூடாது. அடைகாக்கிற பறவை எதிரி வந்துவிட்டதென்று முட்டையை விட்டு எழும்பும்.

ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தமான ராம்சாரின் கீழ், கொழும்பு 2018இல் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்றதைப் பற்றிய பேச்சைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மீன் பணிஸ் சாப்பிடும்போது சொன்னால் ஆட்கள் கேட்பார்கள். காலை ஆறு மணிக்குச் சொன்னால் பறவைகள் கேட்டுவிட்டுப் போய்விடும். பணிஸைச் சொப்பிங் பையில் கொண்டுவராமல் டப்பாவில் கொண்டுவரவும். பையின் சரசரப்புக்கு முதலில் வருவது காகம், பின்னால் கபரகொய்யா என்ற நீர் உடும்பு. அதைக் கண்டு "முதலை!" என்று ஒருவர் கத்துவார். நாக்கு இரண்டாகப் பிளந்து வெளியே வந்து போகிறதா பாருங்கள், முதலைக்கு அது முடியாது.

பட்டியல் எழுதும்போதுதான் சண்டை. நீர்க்காகமா பாம்புத்தாராவா? இரண்டும் சிறகை விரித்துக் காயப்போடும். அலகு நுனி வளைந்திருந்தால் நீர்க்காகம், ஊசிபோல் நேராயிருந்தால் பாம்புத்தாரா. வெள்ளைக் கொக்குகளில் கறுப்புக் காலும் மஞ்சள் பாதமும் இருந்தால் சின்னக் கொக்கு. பாதம் தண்ணீருக்குள் என்றால், ஈபேர்ட் செயலியில் இனம் தெரியாத கொக்கு என்றே பதியலாம், அதற்கென்று தனி வரி உண்டு. போனை நீட்டி, "இதென்ன, நல்லாப் பாத்துச் சொல்லுங்கோ" என்று அங்கிள் காட்டும் படத்தில் இருக்கிற வெள்ளைப் புள்ளியையும் அதிலேயே சேர்த்துவிடலாம்.