காலித் தொட்டியின் சத்தம்

கறிக்கோழிக் குஞ்சுகளைத் தரும் தாய்க்கோழிப் பண்ணைகளில் கால்நடை மருத்துவராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். முதல் வாரம் ஷெட்டுக்குள் நுழைந்ததும் காதில் விழுந்தது 'டொக் டொக்' என்ற ஓயாத சத்தம். ஆயிரக்கணக்கான கோழிகள் காலித் தொட்டியைக் கொத்திக்கொண்டிருந்தன. சில, தண்ணீர்க் குழாயை விடாமல் கொத்தித் தரையையே ஈரமாக்கியிருந்தன.

"தீவன வண்டி வரலையா?" என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன்.

"இன்னிக்குப் பட்டினி நாள் சார். நாளைக்குத்தான் தீனி."

பிராய்லர் இனம் வேகமாக வளரவும், அதற்கேற்ப அடங்காமல் தின்னவும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. கறிக்குப் போகும் குஞ்சு ஆறேழு வாரத்தில் முடிந்துவிடும். அதன் தாய் ஓர் ஆண்டுக்கு மேல் உயிரோடு இருந்து முட்டையிட வேண்டும். வயிறாரத் தின்னவிட்டால் உடல் பெருத்து, கால் முடங்கி, இதயம் நின்றுபோகும், முட்டையும் குறையும். அதனால் அளந்துதான் போடுகிறோம். சில நாடுகள் ஒருநாள் விட்டு ஒருநாள் தீனி போடுவதைத் தடுத்துவிட்டன. அங்கேயும் அந்தக் கோழிகள் தீராத பசியோடுதான் வளர்கின்றன. தின்றாலும் துன்பம், தின்னாவிட்டாலும் துன்பம் என்ற உடலை நாம் உண்டாக்கிவிட்டோம்.

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957-ஆம் ஆண்டின் கோழி வம்சத்தையும் 2005-இன் பிராய்லரையும் ஒரே தீவனத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். 56-ஆம் நாளில் பழையது சுமார் 900 கிராம், புதியது 4.2 கிலோ. இந்த மாற்றத்துக்கு யாரும் ஒரு மரபணுவைக்கூட வெட்டி ஒட்டவில்லை. தராசும் பதிவேடும் போதுமாக இருந்தன. மரபணுத் திருத்தம் என்றால் பதறுகிறவர்கள், இதை 'இயற்கையான கலப்பு' என்று சொல்லிக் கடந்துபோவதை என்னால் ஏற்க முடிந்ததில்லை.

மாடுகளிலும் இதே கதைதான். 1962-இல் பிறந்த சீஃப் என்ற ஹோல்ஸ்டீன் கறவை இனக் காளைக்கு 16,000 மகள்கள். பால் பெருகியது. கூடவே அதன் உடலில் ஒளிந்திருந்த ஒரு மரபணுக் குறையும் உலகம் முழுக்கப் பரவியது. அந்தக் குறை தாய், தந்தை இருவழியிலும் சேர்ந்தால் கரு வயிற்றிலேயே அழியும். அப்படிக் கலைந்த கருக்கள் சுமார் 5 லட்சம் என்று 2016-இல் கணித்தார்கள்.

மரபணுத் திருத்தத்தை நான் அடியோடு மறுக்கவில்லை. கொம்பில்லாத கன்று பிறந்தால், சூட்டுக்கோலால் கொம்புக் குருத்தைச் சுடும் கொடுமை நின்றுவிடும். அது கன்றுக்கு நல்லது.

ஆனால் ஒரு கூட்டத்தில் சக மருத்துவர் ஒருவர், "பசியே உணராத கோழியை உருவாக்கிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமே" என்றார். மனதாரத்தான் சொன்னார். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. முடங்கும் காலும் திணறும் இதயமும் அப்படியேதான் இருக்கும். ஏதோ தப்பு நடக்கிறது என்று நமக்குச் சொல்லும் அந்தச் சத்தம் மட்டும் நின்றுபோகும். மெதுவாக வளரும் வம்சங்கள் இருக்கின்றன, தாய்க்கோழிகளை இவ்வளவு பட்டினி போட வேண்டியிராது என்று அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன். வளர்க்கும் நாள் கூடும் என்று நிர்வாகம் மறுத்துவிட்டது.

மறுநாள் தீனி நாள். தீவனச் சங்கிலி ஓடத் தொடங்கும் ஓசை கேட்டதுமே ஷெட் முழுக்க ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பாய்ந்தன. சிறிது நேரத்தில் தொட்டி துடைத்துவிட்டது போலாயிற்று. பிறகு மறுபடியும் 'டொக் டொக்'.